55 டெராபைட் காவடி, கல்யாண வீடியோ: டேப்பில் ஏற்றலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வீடியோகிராஃபர் கேட்டிருக்கிறார்: “கல்யாணம், காவடி, தீமிதி என்று 14 வருஷமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அலமாரியில் 31 ஹார்ட் டிஸ்க். மொத்தம் 55 டெராபைட் இருக்கும். போன மாதம் ஒன்று டக் டக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. ஒரு வருஷத்துத் தைப்பூசம் முழுக்கப் போச்சு. டேப்பில் ஏற்றிவை என்கிறார்கள். பழைய எல்டிஓ-6 டிரைவ் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா? ஏற்றி முடித்ததும் டிஸ்குகளை அழித்துவிட்டு ஷூட்டிங்குக்கு எடுத்துக்கொள்ளலாமா?”

எல்டிஓ என்பது கம்ப்யூட்டர் டேட்டாவைக் காந்த நாடா கார்ட்ரிட்ஜில் எழுதி வைக்கும் முறை, பின்னால் வரும் எண் அதன் தலைமுறை. டேப்புக்குப் போவது சரி. எல்டிஓ-6 வேண்டாம். டிஸ்கை அழிப்பது பற்றி கடைசியில் சொல்கிறேன், அதற்குள் கை வைத்துவிடாதீர்கள்.

ஏன் வேண்டாம் என்றால், முதலில் கணக்கு. எல்டிஓ-6 கார்ட்ரிட்ஜ் ஒன்றில் 2.5 டெராபைட் பிடிக்கும். அட்டையில் 6.25 என்று பெரிதாகப் போட்டிருப்பான். அது சுருக்கி எழுதினால் வரும் கணக்கு. நம் கேமரா ஃபைல்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, பிழிந்த கரும்பை மறுபடி பிழிந்தால் என்ன வரும்? ஆக உங்களுக்கு ஒரு பிரதிக்கு 22 டேப், இரண்டு பிரதிக்கு 44. எல்டிஓ-8 என்றால் 12 டெராபைட். ஒரு பிரதி ஐந்தில் முடியும், கூட ஒன்று வாங்கி வையுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், நாளைக்கு யார் படிப்பது என்பது. முன்பெல்லாம் ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்பைப் படித்துவிடும். எல்டிஓ-8-இலிருந்து அது ஒன்றாகக் குறைந்துவிட்டது. எல்டிஓ-6 டேப்பை எல்டிஓ-7 டிரைவ் படிக்கும், எல்டிஓ-8 தொடாது. 2021-இல் வந்த எல்டிஓ-9 டிரைவோ எல்டிஓ-8 டேப்பைப் படிக்கவும் செய்யும், எழுதவும் செய்யும். 2025-இல் வந்த எல்டிஓ-10 தன்னுடைய டேப்பைத் தவிர எதையும் ஏற்காது. அதனால் என் யோசனை: டிரைவ் எல்டிஓ-9, கார்ட்ரிட்ஜ் எல்டிஓ-8. எல்டிஓ-9 கார்ட்ரிட்ஜே வாங்கினாலும் தப்பில்லை, 18 டெராபைட் போகும். ஆனால் புது எல்டிஓ-9 டேப்பை முதல்முறை செருகும்போது டிரைவ் அதை அளந்து பார்த்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் வரைகூட ஆகலாம். கெட்டுப்போச்சு என்று நினைத்து பவரைப் பிடுங்கிவிடாதீர்கள்.

மலிவாக வருகிறது என்றீர்களே, அந்த டிரைவின் பின்பக்கத்தை ஒரு போட்டோ கேட்டுப் பாருங்கள். டேட்டா சென்டர் ரோபோ அலமாரிகளிலிருந்து கழற்றியவைதான் இப்படிச் சந்தைக்கு வருகின்றன. பெரும்பாலும் ஃபைபர் சேனல் என்ற, சாதாரணக் கம்ப்யூட்டரில் இல்லாத இணைப்பு இருக்கும். பெட்டியும் இருக்காது, விசிறியும் இருக்காது. உங்களுக்கு வேண்டியது எஸ்ஏஎஸ் அல்லது தண்டர்போல்ட் இணைப்பு வைத்த, மேசையில் தனியாக நிற்கிற டிரைவ். புதிதாக வாங்கினால் ஒரு நல்ல கேமரா பாடி விலை வரும். டேப்தான் மலிவு, டிரைவ் அல்ல. நீங்கள், ஃபீனிக்ஸில் ஒருவர், ஐசிபிங்கோவில் ஒருவர் என்று நாலு பேர் சேர்ந்து வாங்கிச் சுற்றுக்கு விட்டாலும் போதும். வருஷத்தில் எத்தனை நாள் ஓடப்போகிறது அது?

இப்போது என் கதை. 2010 நவம்பரில், இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய முதல் கப்பல் டர்பனுக்கு வந்து 150 வருஷம் ஆனதற்கு நடந்த நிகழ்ச்சிகளின் ஃபுட்டேஜை எல்டிஓ-4 டேப்பில், காசு கொடுத்து வாங்கிய ஒரு பேக்கப் மென்பொருளால் எழுதி வைத்தேன். டேப்பின் மேல் ‘150, பாகம் 2’ என்று மார்க்கரில் எழுதினேன். வேறு பட்டியல் கிடையாது. பல வருஷம் கழித்து ஒரு குடும்பம் தங்கள் பாட்டி பேசிய துண்டைக் கேட்டது. அதற்குள் டிரைவை விற்றிருந்தேன், அந்த மென்பொருள் புதுக் கம்ப்யூட்டரில் ஏற மறுத்தது. எல்டிஓ-6 டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி, பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி, மூன்று வார இறுதி போராடினேன். பாட்டி பேசியது நாலு நிமிஷம். டேப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அது சமர்த்தாகத்தான் இருந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

அதனால் எல்டிஎஃப்எஸ் முறையிலேயே எழுதுங்கள். எல்டிஓ-5-இலிருந்து வந்த வசதி அது. கம்ப்யூட்டரில் எல்டிஎஃப்எஸ் மென்பொருளை ஏற்றிவிட்டு டேப்பைச் செருகினால் பென்டிரைவ் மாதிரி ஃபோல்டர்கள் தெரியும், ஒரே ஒரு கம்பெனியின் மென்பொருளை நம்பி இருக்க வேண்டாம். ஆனால் பென்டிரைவ் என்று நினைத்துப் பழகாதீர்கள். அழித்தால் இடம் திரும்பாது. ஒரு கிளிப்பைத் திறந்தால் டேப் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்தில் ஓடித் தேடிப் போக வேண்டும். டேப்பிலிருந்து நேரே எடிட் செய்ய முயற்சி பண்ணி அழுதவர்கள் உண்டு.

எழுதும்போது காதைத் தீட்டி வையுங்கள். ஒரே சீராக இரைந்துகொண்டு போனால் நல்லது. சர்ர்... நிறுத்தம்... பின்னால் கொஞ்சம் ஓட்டம்... மறுபடி சர்ர் என்றால் டேட்டா போதவில்லை என்று அர்த்தம். டிரைவ் நொடிக்கு 300 மெகாபைட் கேட்கிறது, உங்கள் பழைய யுஎஸ்பி டிஸ்க் பாதிகூடக் கொடுக்காது. ஓரளவு வரை டிரைவ் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் கீழே போனால் இந்த முன்னும் பின்னுமான ஆட்டம்தான், டேப்பும் தேயும், அதை எழுதிப் படிக்கும் ஹெட்டும் தேயும். ஒரு டேப்புக்கு உரியதை முதலில் வேகமான எஸ்எஸ்டியிலோ, பல டிஸ்குகளை ஒன்றாக இணைத்த ரெய்டிலோ சேர்த்து, அங்கிருந்து ஒரே மூச்சில் எழுதுங்கள். சீராகப் போனால் 12 டெராபைட்டுக்கு 11 மணி நேரம்.

கேமரா கார்டின் ஃபோல்டரை உள்ளபடியே வையுங்கள். எம்பி4 மட்டும் போதும் என்று மற்றதைத் தூக்கி எறிய வேண்டாம். டிஸ்கிலிருந்து எடுக்கும்போதே ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம், அதாவது ஃபைலின் கைரேகை மாதிரி ஓர் எண், போட்டுவிடுங்கள், எம்டி5 என்றாலும் எக்ஸ்எக்ஸ்ஹாஷ் என்றாலும் சரி. எழுதி முடித்தபின் டேப்பை வெளியே எடுத்து, மறுபடி செருகி, முழுதும் படிக்கவிட்டு ஒப்பிடுங்கள். ஆமாம், இன்னொரு 11 மணி நேரம். இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பிறகு கார்ட்ரிட்ஜின் மூலையில் இருக்கும் சின்ன எழுத்துப்பூட்டைத் தள்ளிவிடுங்கள், யாரும் மேலே எழுத முடியாது. எந்த டேப்பில் எந்த வீட்டுக் கல்யாணம் என்ற பட்டியல் டேப்பில் மட்டும் இல்லாமல், உங்கள் போனிலும் மின்னஞ்சலிலும் இருக்கட்டும்.

லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு நம் ஊரைப் பல வருஷம் படுத்திய தொல்லை. எல்டிஎஃப்எஸ் தன் அட்டவணையை அவ்வப்போதுதான் டேப்பில் பதிக்கும். நடுவில் மின்சாரம் போனால் கடைசியில் எழுதியது டேப்பில் இருக்கும், அட்டவணையில் இருக்காது. பழுது பார்க்கும் கருவி உண்டு, பெரும்பாலும் மீட்டுவிடும். ஆனாலும் டிரைவ், கம்ப்யூட்டர், டிஸ்க் மூன்றையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். டிஸ்கை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் டர்பன் ஈரக்காற்று. நெடுநாள் வைக்க டேப்புக்கு 16 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம் வேண்டும். பிப்ரவரியில் நம் வீடுகளில் அது எங்கே கிடைக்கும்? காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. டேப்பைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். வெளியூரிலிருந்து கொண்டுவந்தால் ஒருநாள் அறையிலேயே கிடக்கட்டும், பிறகு செருகலாம்.

இரண்டாவது பிரதி ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. டர்பனில் 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உம்பிலோ ஆற்றங்கரைக் கோயிலையே 1905-இல் வெள்ளம் கொண்டுபோயிருக்கிறது. ஜோஹானஸ்பர்க்கில் அக்காவோ மச்சானோ இருந்தால் அங்கே அனுப்புங்கள், அங்கே கடற்காற்றும் கிடையாது.

டிஸ்குகளுக்கு வருவோம். இரண்டு பிரதியும் எழுதி, இரண்டையும் முழுதாகப் படித்து ஒப்பிட்டு, அதில் ஒன்று வெளியூர் போய்ச் சேர்ந்த பிறகு, புதிய டிஸ்குகளை மட்டும் அழித்துக்கொள்ளலாம். ஐந்து வருஷம் தாண்டியவற்றை மறுபடி ஷூட்டிங்குக்கு எடுக்காதீர்கள். நின்றுபோன அந்த ஒன்றைத் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காமல், டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள். சத்தம் ஹெட்டிலிருந்து வருவதாக இருந்தால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் டிஸ்குக்குள் சுழலும் தட்டில் கீறல் கூடும். தைப்பூசம் இன்னும் அதற்குள் இருக்கலாம்.