ஜெர்மனியில் மாதம் 992 யூரோ: வாடகை, சமையல், பகுதி நேர வேலை பற்றிச் சில கேள்விகள்

முதுகலை படிக்க ஜெர்மனி புறப்படுகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை இவை. தொகைகள் 2026 நிலவரம்.

திருச்சி மாணவர், அக்டோபரில் சேரப்போகிறவர்: அண்ணா, விசாவுக்காக ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்பே பூட்டி வைக்கும் பிளாக்டு அக்கவுன்டில் 11,904 யூரோ கட்டியாச்சு. மாதம் 992 வரும் என்கிறார்கள். போதுமா?

போதுமா போதாதா என்பதை உங்கள் அறை வாடகைதான் சொல்லும். முதலில் ஹெல்த் இன்ஷூரன்ஸ் போய்விடும். அரசு சார்ந்த காப்பீட்டில் மாணவர் கட்டணம் மாதம் 150 யூரோவை ஒட்டி வரும். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சலுகைக் கட்டணம் கிடையாது. மிச்சம் 840. மாணவர் விடுதியில் 300 யூரோவுக்கு அறை கிடைத்தால் 540 கையில் நிற்கும், நிம்மதியாக இருக்கலாம். அதே ஆள் வெளியில் 600-க்கு அறை எடுத்தால், சாப்பாடு, ஃபோன், சோப்பு, குளிர்காலச் சட்டை எல்லாம் 240-க்குள் அடங்க வேண்டும். இழுபறிதான்.

நிறைய பேர் காபி குடிக்காமல், பஸ் ஏறாமல் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். அப்படி மாதம் 50 யூரோ சேர்ப்பதற்குள் உயிர் போய்விடும். வாடகை ஒப்பந்தத்தில் போடும் ஒரு கையெழுத்திலோ 300 யூரோ போகும், வரும். அதனால் அட்மிஷன் கடிதம் வந்த அன்றைக்கே விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். விசா வரட்டும் என்று காத்திருந்தால் வரிசையில் பின்னால் போய்விடுவீர்கள்.

அதே மாணவர்: வாடகை என்று போட்டிருப்பதைத் தவிர வேறு ஏதாவது கட்ட வேண்டுமா?

விளம்பரத்தில் இருப்பது கோல்ட் ரென்ட்டா, வார்ம் ரென்ட்டா என்று பாருங்கள். கோல்ட் என்றால் வெறும் இடத்துக்கான வாடகை. வார்ம் என்றால் ஹீட்டிங், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தது. மின்சாரமும் இன்டர்நெட்டும் அதற்கு வெளியே இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஹீட்டிங்குக்கு மாதாமாதம் கட்டுவது பல வீடுகளில் ஒரு முன்பணம்தான். வருடக் கடைசியில் கணக்குப் பார்ப்பார்கள். ஜனவரியில் ஜன்னலைச் சாய்த்துத் திறந்துவைத்துவிட்டு ஹீட்டரை உச்ச அளவான ஐந்தில் வைத்துத் தூங்கினால், மறு வருடம் பாக்கித் தொகையோடு கடிதம் வரும்.

மதுரை, கல்விக்கடன் வாங்கிய தந்தை: பையன் போய் இறங்கியதும் கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

1,500-லிருந்து 2,000 யூரோ தனியாக இருக்கட்டும் சார். பிளாக்டு அக்கவுன்ட் பணம் இறங்கிய மறுநாள் கைக்கு வராது. அங்கே போய் முகவரி பதிய வேண்டும், அதை அன்மெல்டுங் என்பார்கள். ஒரு வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். அப்புறம்தான் மாதப் பணம் வரத் தொடங்கும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம். அந்த இடைவெளியில்தான் முதல் மாத வாடகை, செமஸ்டர் கட்டணம், மெத்தை, போர்வை எல்லாம் ஒன்றாக வரும். அட்வான்ஸ் வேறு. சட்டப்படி மூன்று மாத கோல்ட் ரென்ட் வரை கேட்கலாம், ஆனால் அதை மூன்று தவணையாகக் கட்டும் உரிமையும் உண்டு. விடுதிகளில் அட்வான்ஸ் பெரும்பாலும் குறைவு.

அறையை நேரிலோ வீடியோவிலோ பார்க்காமல் மட்டும் பணம் அனுப்பிவிடாதீர்கள். “நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்” என்று எவராவது சொன்னால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளலாம்.

கோவை மாணவி: முனிச், கெம்னிட்ஸ் இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. செலவை வைத்து முடிவெடுக்கலாமா?

செலவை மட்டும் வைத்து வேண்டாம், ஆனால் அதைத் தள்ளிவிடவும் வேண்டாம். முனிச்சில் வெளியே ஒரு அறைக்குக் கொடுக்கும் வாடகையில் கெம்னிட்ஸில் அறையும் சாப்பாடும் முடிந்துவிடும். முனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமா என்றும் பாருங்கள். 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேர்பவர்களிடம் அங்கே கல்விக் கட்டணம் வாங்குகிறார்கள். முதுகலைக்குப் பெரும்பாலும் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்திலும் செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு. பெரிய ஊரில் வேலை கிடைப்பது சுலபம் என்பார்கள். உண்மைதான், ஆனால் முதல் செமஸ்டரில் அந்த வேலைக்குப் போக நேரம் இருக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சேலம், மாணவியின் தாய்: என்ன சாமான் கட்டிக் கொடுக்கலாம்?

அம்மா, நெய் மட்டும் வேண்டாம். பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது, பிடித்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, புளி, ஊறுகாய், ஒரு மூன்று லிட்டர் குக்கர், போதும். அரிசியையும் பருப்பையும் பெட்டியில் அடைத்து எடையை வீணாக்காதீர்கள். துருக்கிக் கடைகளில் மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை, வெண்டைக்காய், கொத்தமல்லி எல்லாம் இருக்கும். பொன்னி அரிசியும் கறிவேப்பிலையும் பெரிய ஊர்களில் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும். கொஞ்சம் விலைதான்.

வீட்டில் சமைத்து, மதியம் பல்கலைக்கழக உணவகமான மென்சாவில் சாப்பிட்டால் மாதம் 200 யூரோவை ஒட்டி ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் பூட்டிக் கிடக்கும். சனிக்கிழமையே வாங்கி வைக்காதவர்கள் ரயில் நிலையக் கடையில் இரட்டை விலை கொடுப்பார்கள், இல்லாவிட்டால் பீட்சா ஆர்டர் செய்வார்கள். பட்ஜெட்டில் ஓட்டை விழுவது பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான்.

சென்னை மாணவர்: பகுதி நேர வேலை செய்தே செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். சரியா?

சொல்கிறவர்களுக்குக் கமிஷன், கஷ்டம் உங்களுக்கு. வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. மினிஜாப் என்னும் சிறு வேலை என்றால் மாதச் சம்பள உச்சவரம்பு 603 யூரோ. கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெர்மன் பேசத் தெரியாதவருக்கு முதலில் கிடைப்பது கிடங்கு, ஹோட்டல் சமையலறை, சைக்கிளில் டெலிவரி. அதுவும் சில மாதம் கழித்துத்தான் கிடைக்கலாம். முதல் வருடத்துக்கு வருமானம் பூஜ்யம் என்று வைத்தே பட்ஜெட் போடுங்கள். பல்கலைக்கழகத்திலேயே கிடைக்கும் ‘ஹிவி’ உதவியாளர் வேலைக்கு முயற்சி செய்யுங்கள். அது இந்த 140 நாள் கணக்கில் சேராது, படிப்புக்கும் ஒட்டியது.

ஏற்கெனவே டார்ட்மண்டில் இருக்கும் மாணவர்: வீட்டில் டிவியே இல்லை, ரேடியோ கட்டணம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. கிழித்துப் போடலாமா?

வேண்டாம் தம்பி. அது பொது ஒலிபரப்புக்காக வீடுவீடாக வாங்கும் கட்டணம், டிவி இருக்கிறதா என்பது வாங்குகிறவர்களுக்குப் பொருட்டே இல்லை. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. கண்டுகொள்ளாமல் விட்டால் அபராதத்தோடு பின்னால் வருவார்கள். ஆனால் இது வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. நாலு பேர் ஒரே வீட்டைப் பகிர்ந்திருந்தால் ஒருவர் கட்டினால் போதும். மற்றவர்கள் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதிவிட்டு, மாதம் நாலரை யூரோவை அவரிடம் கொடுத்துவிடலாம். உங்கள் வீட்டில் முன்பே யாராவது கட்டுகிறார்களா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.