இணைப் பட்டத்துக்கு ஏற்ற கூட்டாளி

கேள்வி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து வேளாண் இணைப் பட்டம் வழங்க விரும்புகிறோம். உலகத் தரவரிசையை மட்டும் பார்த்துக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கலாமா?
– பேராசிரியர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் கேட்கும், க்யூஎஸ் அல்லது டைம்ஸ் உயர்கல்வி உலகத் தரவரிசைப் பட்டியலின் முதல் 1000 இடங்களுக்குள் வெளிநாட்டுக் கூட்டாளி இருக்கும் தகுதி வெறும் நுழைவாயில்தான். கடைமடை வயல்களில் உப்புநீர் ஏறுவதைக் கண்டு வருந்தும் நமக்கு, அதே துயரை அனுபவிக்கும் மீகாங் டெல்டாவில் இயங்கும் வியட்நாமின் கான் தோ பல்கலைக்கழகம் போன்றவை, பட்டியலில் மிக உயரத்தில் நிற்கும் பெயர்களைவிடப் பொருத்தமானவை என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் ஒப்பந்தம் செய்யும் ஆண்டில் அந்தத் தகுதி இருக்கிறதா என்பதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாணவர் ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைந்தது 30 சதவீத கிரெடிட்களை (பாடங்களுக்கான மதிப்பலகுகளை) பெற வேண்டியிருப்பதால், அவர்களுடைய பருவ அட்டவணை நம் சம்பா சாகுபடிக் களப்பணியைப் பறித்துவிடாதா என்பதைக் கையெழுத்திடும் முன்பே கட்டாயம் பேசித் தீர்க்க வேண்டும்.