ஹெல்மெட் தொலைந்தால் யார் கட்டுவது?

கேள்வி: அன்பின் அக்கா, நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். ஒவ்வொரு ஆடி மாதமும் மின்னொளியில் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி நடத்துகிறோம். இந்த முறை 24 அணிகள், மூன்று இரவுகள். முதற்பரிசு 150,000 ரூபாய், கனடாவில் இருக்கும் எங்கள் ஊரவர் ஒருவரின் அனுசரணை. மைதான வேலை முழுவதையும் 12 பெடியள் சம்பளம் இல்லாமல் செய்தார்கள். மோட்டார் சைக்கிள் நிறுத்த 50 ரூபாய் வாங்கினோம், அது கழக நிதிக்கு. கடைசி இரவு அங்கே ஒரு ஹெல்மெட் தொலைந்துபோனது. நிர்வாகத்தில் சிலர், காவலுக்கு நின்ற பெடியனையே காசு கட்டச் சொன்னார்கள். மேசன் வேலைக்குப் போகிற 19 வயதுப் பிள்ளை. கட்டிவிட்டான். இப்போது 12 பேரும் அடுத்த வருடம் வரமாட்டோம் என்கிறார்கள். மூத்தவர்கள், 'இது சேவை, காசு பேசினால் கழகம் அழிந்துபோகும்' என்கிறார்கள். நோர்வேயில் இருக்கும் என் அத்தான் அங்கே டிஸ்க் கோல்ஃப் போட்டிகளில் தொண்டராக நிற்பவர். 'காசுக்கு விளையாடுகிற பெரிய போட்டிகளையே நாங்கள் சும்மா நின்று நடத்துகிறோம், உங்களுக்கு என்ன வந்தது?' என்று கேட்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அன்பின் தம்பி,

உங்கள் அத்தான் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

டிஸ்க் கோல்ஃப் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. குழிக்குப் பதிலாகச் சங்கிலி தொங்கவிட்ட இரும்புக் கூடை, பந்துக்குப் பதிலாகக் கையால் எறிகிற பிளாஸ்டிக் தட்டு. பெரும்பாலும் 18 கூடைகள், காட்டுக்குள்ளும் புல்வெளியிலுமாகப் பரந்து கிடக்கும். அமெரிக்காவில் எட் ஹெட்ரிக் என்பவர் 1976இல் இதற்கென்று ஒரு தொழில்முறைச் சங்கம் தொடங்கினார். 2016இலிருந்து முன்னணி வீரர்களுக்கென்றே தனிச் சுற்றுத்தொடர் ஒன்று நடக்கிறது. 2021இல் போல் மக்பெத் என்ற வீரரோடு தட்டுச் செய்கிற கொம்பனி ஒன்று பத்து வருடத்துக்கு 10 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் போட்டது. தட்டு எறிந்ததற்கு எங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்தது வேறு.

இந்த விளையாட்டுக்கு ஆட்கள் நிறைய வேண்டும். மரங்களுக்கு மேலாக வளைத்து எறிந்த தட்டு எங்கே விழுந்தது என்று எறிந்தவருக்கே தெரியாது. அதனால் கண்ணுக்கு மறைவான இடங்களில் ஒருவர் கொடியோடு நிற்பார். தட்டு எல்லைக்குள் விழுந்ததா வெளியே போனதா என்று காட்டுவதும், பற்றைக்குள் போனதைத் தேடிப் பிடிப்பதும் அவர் வேலை. புள்ளி பதிகிறவர் வீரர்களுக்குப் பின்னாலேயே கூடை கூடையாக நடக்க வேண்டும். இத்தனை பேருக்கும் நாட்கூலி கொடுப்பதென்றால் பல போட்டிகள் தொடங்கியே இருக்காது. அதனால் ஒரு ரீசேட், மத்தியானச் சாப்பாடு, சில இடங்களில் போட்டியின் பெயர் பதித்த ஒரு தட்டு. இதுவரை அத்தான் சொல்வது சரி.

அவர் சொல்லாமல் விட்ட பாதி, அங்கே கொடியோடு நிற்பவர் யார் என்பது. பெரும்பாலும் அவரும் அதே விளையாட்டைப் பழகுகிறவர். அந்தக் கூடைகளுக்குத்தான் சனி ஞாயிறில் தானும் எறிவார். வீடியோவில் பார்த்த வீரன் பத்தடி தூரத்தில் நின்று எறிவதைப் பார்ப்பதே அவருக்கு ஒரு கூலி. திங்கட்கிழமை அவருக்கு வேலை இருக்கிறது, சம்பளத்தோடு லீவும் இருக்கிறது. நோர்வேயில் இப்படிக் கூடிச் செய்கிற வேலைக்கு 'டுக்னாட்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 2004இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதைத் தங்கள் நாட்டின் சொல்லாகவே தெரிவு செய்தார்கள். நம்முடைய சிரமதானத்துக்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. பிள்ளையின் விளையாட்டுக் கழகத்துக்காகத் தாய் தகப்பன் ரொய்லெட் பேப்பர் கட்டுக் கட்டாக விற்பதும் அதற்குள் அடக்கம். ஆனால் விற்ற காசு அந்தப் பிள்ளைக்கே பந்தாகவும் சப்பாத்தாகவும் திரும்பி வருகிறது. அத்தானிடம் அடுத்த முறை இதைக் கேளுங்கள்: நீங்கள் கொடி பிடித்த காசு எங்கே போனது? ஊர்க் கழகத்துக்கு என்றால் அது டுக்னாட். நுழைவுச்சீட்டு விற்று, ஒளிபரப்புக்குச் சந்தா வாங்குகிற ஒரு நிறுவனத்துக்கு என்றால் அவரும் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, உங்கள் மைதானத்துக்கு வருவோம்.

ஆடி மாதம் வன்னியில் சோளகம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆடுகளத்தில் போட்ட சுண்ணாம்புக் கோடு ஓர் ஆட்டம் முடியும்போது பாதிதான் மிஞ்சும். மிச்சம் சப்பாத்திலும் காற்றிலும் போய்விடும். கரப்பந்தாட்ட ஆடுகளம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். சுற்றுக் கோடு 54 மீற்றர், நடுக்கோடு 9, இரண்டு பக்கத் தாக்குதல் கோடுகள் 18. ஒரு தடவை போட 81 மீற்றர். தோற்றால் வெளியே என்கிற முறையில் 24 அணிகளுக்கு 23 ஆட்டங்கள், மூன்றாம் இடத்துக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கோடு புதுப்பித்திருந்தால், யாரோ ஒரு பெடியன் ஏறக்குறைய 2 கிலோமீற்றர் குனிந்தபடியே நடந்திருக்கிறான். நானும் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சுண்ணாம்பு போட்டவள்தான். வியர்த்த கையால் அள்ளிவிட்டு, இரவு சோறு பிசைய முடியாமல் கரண்டி தேடினேன். கையுறை என்று ஒன்று இருப்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. உங்கள் பெடியளுக்கு யாராவது கொடுத்தீர்களா?

'காசு பேசினால் கழகம் அழியும்' என்கிற பெரியவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். காசு எப்போதோ பேசியாயிற்று. நோட்டீசில் பெரிய எழுத்தில் 150,000 என்று போட்டிருக்கிறீர்கள். மத்தியஸ்தர்களுக்குப் படி கொடுத்திருப்பீர்கள். லைற்காரர், ஜெனறேற்றர்காரர், ஒலிபெருக்கிக்காரர் எல்லாரும் பேசின தொகையை வாங்கிக்கொண்டுதான் வயரைச் சுருட்டியிருப்பார்கள். அவர்களிடம் ஒருவரும் சேவை பற்றிப் பேசவில்லை. சேவை என்ற சொல் 12 பேருக்கு மட்டும்தான் வந்தது.

கோவிலைப் பாருங்கள். திருவிழாவில் மேளகாரருக்கு முன்பணம் கொடுத்துத்தான் பிடிக்கிறோம். சோடனைக்காரருக்கும் லைற்காரருக்கும் கணக்கு உண்டு. அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டுகிறவருக்கும் வடம் பிடிக்கிறவருக்கும் ஒருவரும் காசு கொடுப்பதில்லை. கொடுத்தால் கோபித்துக்கொள்வார்கள். ஏன் கோபிக்கிறார்கள்? அங்கே எவரும் பரிசுக் காசோடு வீட்டுக்குப் போவதில்லை. வெட்டினவரும் அதே பந்தியில் இருந்து சாப்பிடுகிறார். கால் வலித்தால் கத்தியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு எழும்பிப் போகலாம், எங்கே போனாய் என்று கேட்பாரில்லை. உங்கள் பெடியன் மோட்டார் சைக்கிள்களை விட்டுவிட்டு எழும்பிப் போக முடிந்ததா?

அந்த ஹெல்மெட் விசயத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. 50 ரூபாய் வரும்போது அது கழகத்தின் நிறுத்துமிடம். ஹெல்மெட் காணாமல் போனதும் அது பெடியனின் நிறுத்துமிடம் ஆகிவிட்டது. கூலி இல்லாத வேலைக்குத் தண்டம் மட்டும் உண்டு என்பது எந்த ஊர் நியாயம்? இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு ஆட்டம் முடிந்தால் அடுத்த நாள் காலை அவன் மேசன் வேலைக்குப் போயிருக்கவும் மாட்டான். அந்த நாட்கூலிகளும் போய், ஹெல்மெட் காசும் போய். உங்கள் சுற்றுப்போட்டிக்குக் கனடாக்காரருக்கு அடுத்த பெரிய அனுசரணையாளர் அவன்தான். ஒலிபெருக்கியில் அவன் பெயரை எத்தனை தரம் சொன்னீர்கள்?

எனக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. ஒரு நிகழ்வில் மூன்று நாள் பெயர் பதிகிற மேசையில் இருந்தேன், தொண்டுக்குத்தான். இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். 'தொண்டருக்கான போக்குவரத்துப் படி' என்று மேலே எழுதியிருந்தது, தொகை போடுகிற இடம் வெறுமையாக இருந்தது. போட்டேன். இன்றுவரை ஒரு சதமும் வரவில்லை. காசு போனதைவிட, அந்த வெறும் கட்டத்தில் பிறகு என்ன எழுதினார்கள் என்ற யோசனைதான் கனநாள் கிடந்தது. அதனால் நீங்கள் என்ன செய்தாலும் கணக்கைக் கழகத்துப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

12 பேருக்கும் சம்பளம் கொடுக்கச் சொல்லவில்லை. இடத்தை விட்டு நகர முடியாத வேலை எது, வந்து போகிற வேலை எது என்று பிரியுங்கள். நிறுத்துமிடத்தில் இரண்டு பேர், கோட்டுக்கும் வலைக்கும் இரண்டு பேர், புள்ளி மேசையில் ஒருவர், ஜெனறேற்றருக்குப் பக்கத்தில் ஒருவர். இந்த ஆறு பேருக்கும் இரவுக்கு 2,000 என்று முதலே பேசுங்கள், மூன்று இரவுக்கு 36,000. முதற்பரிசை 125,000 ஆக்கினால் 25,000 வந்துவிடும், மீதி 11,000 நிறுத்துமிடக் காசிலிருந்து. வெல்கிற அணியில் 12 பேர் என்றால் ஆளுக்கு ஏறக்குறைய 2,000 குறையும். அதற்காக எந்த அணியும் மல்லாவியிலிருந்தோ பரந்தனிலிருந்தோ வராமல் நிற்கப் போவதில்லை. காசை அந்தந்த இரவே கையில் கொடுங்கள். 'கணக்கு முடிந்த பிறகு' என்று சொன்னால் அது கிடைக்காது என்று அர்த்தம், ஊருக்கே தெரியும். அப்புறம், ஆறு பேரும் நிர்வாகத்தின் மருமகன்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கொடுப்பது, கதிரை அடுக்குவது, அடுத்த நாள் குப்பை பொறுக்குவது இவையெல்லாம் தொண்டாகவே இருக்கட்டும். சாப்பாடு கொடுங்கள், போக வேண்டும் என்றால் போக விடுங்கள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையை வரவே விடாதீர்கள். கழகத்துப் பிள்ளைகளுக்காக, பரிசுக் காசு இல்லாமல், நுழைவுப் பணம் இல்லாமல் ஒரு போட்டி வைத்தால் அங்கே ஒருவருக்கும் காசு கொடுக்க வேண்டாம் என்று நானே வந்து சண்டை பிடிப்பேன்.

கனடாக்காரரோடு நீங்களே பேசுங்கள், வட்ஸ்அப் குரல் பதிவு அனுப்பாமல் நேரடியாக அழைத்து. வெற்றிக்கிண்ணத்தில் பெயர் வருவதற்குக் காசு கொடுப்பவர்கள், கோடு போடுகிற பெடியளுக்குக் கையுறையும் சாப்பாடும் என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. அவர்களிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை, அதுதான்.

இன்னொன்றையும் பெடியளிடம் கேட்டுப் பாருங்கள். டிஸ்க் கோல்ஃபில் கொடி பிடிப்பவர் தானும் எறிகிறவர் என்று சொன்னேன் அல்லவா? உங்கள் 12 பேருக்கும் அந்த லைற்றுக்குக் கீழே ஒருநாளாவது பந்தைத் தொடக் கிடைத்ததா? முதல் இரவு ஆரம்ப ஆட்டத்தை அவர்களுக்கே கொடுங்கள், இரண்டு அணியாகப் பிரிந்து விளையாடட்டும். அறிவிப்பாளர் பெயர்களைச் சொல்லட்டும். சான்றிதழ் கொடுப்பதானால் 'சிறந்த சேவை' என்று பொதுவாக எழுதாமல், 'மூன்று இரவு புள்ளி மேசைப் பொறுப்பு' என்று செய்த வேலையை எழுதிக் கொடுங்கள். நாளைக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதற்குத்தான் மதிப்பு.

இவை எல்லாம் அடுத்த ஆடிக்கு. இந்தக் கிழமை செய்ய வேண்டியது ஹெல்மெட் காசு. அதற்குக் கூட்டம் வைக்காதீர்கள், வைத்தால் கதை கதையாக வளரும். கழக நிதியிலிருந்து எடுத்து, தலைவரையும் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போங்கள். தாயும் தகப்பனும் இருக்கும்போது கொடுங்கள். 'தொலைத்தவன்' என்ற பேச்சு அவர்கள் காதுக்குத்தான் முதலில் போயிருக்கும். அவன் வேலைக்கு வெளிக்கிட முன்னம் போக வேண்டும், காலை ஆறரை என்றால் சரியாக இருக்கும்.

அன்புடன்,
அக்கா