லாபம் வந்தால்தானே வரி? பிறகு ஏன் பொருளாதாரம் மீண்டு வரும் நேரத்தில் கம்பெனி வரியை ஏற்றினால் வியாபாரிகள் இவ்வளவு கூச்சல் போடுகிறார்கள்?

கேள்வியின் விளக்கத்தில் பிரிட்டனைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். "கொரோனா காலத்தில் அரசுப் பணத்தில் பிழைத்தவர்கள், நிலைமை சீரானதும் 19 சதவீதத்தை 25 ஆக்கினால் மட்டும் ஏன் குதிக்கிறார்கள்?" என்பது உங்கள் வாதம். மாதச் சம்பளத்தில் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை வாங்குபவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் கோபம் நியாயம்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் முதலாளிகளுக்கு வக்காலத்து என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். "இப்போது வரியை ஏற்றினால் கடையை மூட வேண்டியதுதான்" என்பது அவர்களுடைய வாதங்களிலேயே பலவீனமானது. நஷ்டத்தில் ஓடும் கம்பெனிக்கு விகிதம் 19 ஆனாலும் 90 ஆனாலும் கட்ட வேண்டியது பூஜ்யம். ஆனால் எதிர்ப்பு மொத்தமும் நாடகம் என்பதும் தவறு. வலிக்கும் இடங்கள் வேறு, மேடையில் பேசப்படுவது வேறு.

2021 மார்ச் 3 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ரிஷி சுனக் அறிவித்தது இதுதான்: 2023 ஏப்ரல் 1 முதல் விகிதம் 25. ஆண்டு லாபம் 50,000 பவுண்டுக்குள் இருந்தால் பழைய 19. 2,50,000-ஐத் தாண்டினால் முழுசாக 25. பலர் இந்த இரண்டு முனையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிக்கல் இருப்பது நடுவில்.

50,000 லாபத்துக்கு வரி 9,500. 2,50,000 லாபத்துக்கு 62,500. இடையில் உள்ள இரண்டு லட்சத்துக்கு வரி 53,000. அதாவது அந்த நடுப்பகுதியில் கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் 26.50 போகிறது. மிகப் பெரிய நிறுவனத்துக்கு 25, நடுத்தர கம்பெனியின் கடைசிப் பவுண்டுக்கு 26.5. கணக்குப் போடும் வழி எளிது: லாபத்துக்கு 25 சதவீதம் போட்டு, 2,50,000-இலிருந்து லாபத்தைக் கழித்து, மீதியை 3/200-ஆல் பெருக்கி, அந்தத் தொகையைத் தள்ளுபடி செய்ய வேண்டும். லாபம் 1,20,000 என்றால் 30,000-இலிருந்து 1,950 கழித்து 28,050. பழைய விகிதத்தில் இது 22,800.

இதிலும் பலர் கோட்டைவிடும் ஓர் இடம் உண்டு. ஒரே ஆளின் கட்டுப்பாட்டில் இரண்டு கம்பெனிகள் இருந்தால் இந்த வரம்புகள் பாதியாகிவிடும்: 25,000, 1,25,000. லண்டனில் நம்மவர்கள் கடையை ஒரு கம்பெனியிலும், அந்தக் கடைக்கு வேன் ஓட்டுவதை இன்னொரு கம்பெனியிலும் வைத்திருப்பது சாதாரணம். அதே 1,20,000 லாபத்துக்கு அப்போது வரி 29,925. ஒரு பைசா கூடுதலாகச் சம்பாதிக்காமலே 1,875 கூடுகிறது. முடங்கிக் கிடக்கும் கம்பெனி இந்த எண்ணிக்கையில் சேராது. நடந்துகொண்டிருக்கும் கம்பெனி எவ்வளவு சிறியதானாலும் சேரும். கம்பெனி பதிவு செய்யாமல் சொந்தப் பெயரில் கடை நடத்துபவருக்கு இந்த வரியே கிடையாது, அவர் கட்டுவது வருமான வரி.

"மீண்டு வரும் நேரம்" என்பது ஏன் முக்கியம் என்று கேட்டீர்கள். லாபமும் கையில் உள்ள பணமும் ஒன்றல்ல என்பதால்தான். விற்பனை ஏறும்போது சரக்கு கூடுதலாக வாங்க வேண்டும், கடனுக்குக் கொடுத்த சரக்கின் பணம் இரண்டு மாதம் கழித்து வரும். கணக்கில் லாபம் தெரியும், வங்கியில் பணம் இருக்காது. இதற்கு மேல், கொரோனா காலத்தில் அரசு உத்தரவாதத்துடன் வங்கிகள் கொடுத்த பவுன்ஸ் பேக் கடன். 50,000 பவுண்டு வரை, 2.5 சதவீத வட்டி, முதல் 12 மாதம் தவணை இல்லை, பிறகு ஐந்து ஆண்டுகளில் அடைக்க வேண்டும். வட்டியைச் செலவாகக் கழிக்கலாம், அசலைக் கழிக்க முடியாது. முழுத் தொகை வாங்கியவர் ஆண்டுக்குச் சுமார் 10,000 அசல் கட்ட வேண்டும் என்றால், 19 சதவீதத்தில் 12,346 சம்பாதித்தால் போதும். 26.5-இல் 13,605 வேண்டும். தவணையைப் பத்தாண்டுகள் வரை நீட்டிக்கொள்ள வழி செய்தார்கள், ஆனால் கட்டுவது அப்போதும் வரி போன பணத்தில்தான்.

பணம் கட்டும் தேதியிலும் பெரியவர், சிறியவர் வேறுபாடு இருக்கிறது. சிறிய கம்பெனிக்கு ஆண்டு முடிந்து ஒன்பது மாதம் ஒரு நாள் அவகாசம். லாபம் 2 கோடி பவுண்டைத் தாண்டினால், அந்த ஆண்டு நடந்துகொண்டிருக்கும்போதே 3, 6, 9, 12-ஆம் மாதங்களில் தவணை. ஆண்டு லாபம் எவ்வளவு என்று மூன்றாம் மாதமே கணித்துக் கட்ட வேண்டும், குறைத்துக் கட்டினால் வட்டி. பொருளாதாரம் நிலையாக இருக்கும்போது இது பெரிய விஷயமே இல்லை. திடீரென்று ஏறும் ஆண்டில்தான் கணிப்பு தவறும்.

இப்போது எதிர்த்தவர்கள் வெளியே சொல்லாத பக்கம். விகிதம் ஏறப்போகிறது என்று இரண்டு ஆண்டுக்கு முன்பே சொன்னால், புத்தியுள்ள கம்பெனி இயந்திரம் வாங்குவதை 2023 வரை தள்ளிப்போடும். 19-இல் கழிப்பதைவிட 25-இல் கழிப்பது லாபம். மீண்டு வரும் நேரத்தில் முதலீடு நின்றுபோகக் கூடாது என்பதற்காகவே சுனக், இயந்திர விலையில் 130 சதவீதத்தை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை கொடுத்தார். 130 என்ற எண் காற்றில் வந்ததல்ல. 100 பவுண்டு இயந்திரத்துக்கு 130-ஐக் கழித்தால் 19 சதவீதத்தில் வரியில் மிச்சம் 24.70. காத்திருந்து 25 சதவீதத்தில் 100-ஐக் கழித்தால் மிச்சம் 25. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டதால் காத்திருப்பதில் ஆதாயம் இல்லை. நிபந்தனைகள் உண்டு: புதிய இயந்திரமாக இருக்க வேண்டும், கார் கூடாது, 2021 மார்ச் 3-க்கு முன் ஒப்பந்தம் போட்டிருக்கக் கூடாது. 2023 ஏப்ரலுக்கு முன் அதை விற்றால், விற்ற தொகையை 1.3-ஆல் பெருக்கி வருமானத்தில் சேர்க்க வேண்டும். இது தெரியாமல் விற்றவருக்கு ஆடிட்டர் சொல்லும்போதுதான் தெரியும்.

நஷ்டம் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு இந்த ஏற்றம் பரிசாகவே வந்தது. 19 பவுண்டு மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய 100 பவுண்டு நஷ்டம், முன்னெடுத்துச் சென்றால் 25 மிச்சப்படுத்தும். மசோதா 2021 மே 24 அன்று நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையைத் தாண்டியதும் கணக்கு விதிப்படி 2023 ஏப்ரலுக்குப் பின் தீரும் ஒத்திவைப்பு வரியை (பின்னால் கட்ட வேண்டியது அல்லது மிச்சமாவது என்று இப்போதே கணக்கில் குறித்துவைக்கும் தொகை) புது விகிதத்தில் திருத்த வேண்டியிருந்தது. தேய்மானச் சலுகையை முன்கூட்டி எடுத்த கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட்டில் பாக்கி ஏறியது, நஷ்டம் வைத்திருந்த கம்பெனிகளின் சொத்து ஏறியது. ஒரு பவுண்டுகூட கைமாறவில்லை. அந்த ஆண்டு அறிக்கைகளில் "வரி ஏற்றத்தால் பாதிப்பு" என்று படித்ததில் ஒரு பங்கு இந்தக் காகிதக் கணக்குதான்.

உரிமையாளரே நடத்தும் கம்பெனியில் கடைசியாகப் பார்க்க வேண்டியது வீட்டுக்கு எடுத்துப்போகும் பணம். நடுப்பகுதியில் 100 லாபத்தில் 26.50 போனால் மீதி 73.50. உயர் விகிதத்தில் வருமான வரி கட்டும் உரிமையாளர் அதை டிவிடெண்டாக, அதாவது பங்குதாரரின் லாபப் பங்காக, எடுத்தால் 33.75 சதவீதம் போய், கையில் 48.69. பழைய கணக்கில் 81-இலிருந்து 32.5 சதவீதம் போய் 54.68. ஆறு பவுண்டு குறைவு. டிவிடெண்ட் வரியை 2022 ஏப்ரலில் தனியாக ஏற்றியதும் இதில் சேர்ந்திருக்கிறது. அதே 100-ஐ போனஸாக எடுத்தால், முதலாளி கட்டும் 13.8 சதவீத தேசியக் காப்பீடு (சம்பளத்தின் மேல் கட்டும் சமூகப் பாதுகாப்புத் தொகை), 40 சதவீத வருமான வரி, ஊழியர் பங்கு 2 சதவீதம் எல்லாம் போக 50.97. ஆண்டாண்டாக "டிவிடெண்ட்தான் லாபம்" என்று பழகியவர்களுக்கு இந்த இடத்தில் கணக்கு தலைகீழாகிவிட்டது.

வரியைக் குறைத்தால் முதலீடு தானாக ஏறும் என்ற வாதத்துக்கு பிரிட்டனில் நல்ல சாட்சி இல்லை. 2010-இல் 28 ஆக இருந்தது 2017-இல் 19 ஆனது. எதிர்பார்த்த முதலீட்டுப் பாய்ச்சல் வரவில்லை என்று சுனக்கே 2022 பிப்ரவரியில் ஓர் உரையில் ஒப்புக்கொண்டார். விகிதத்தைவிட அடிக்கடி மாறுவதுதான் தொல்லை. 2022 செப்டம்பர் 23 அன்று அப்போதைய நிதியமைச்சர் குவாசி குவார்டெங் ஏற்றத்தை ரத்து செய்தார், அக்டோபர் 14 அன்று அப்போதைய பிரதமர் லிஸ் டிரஸ் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். மூன்றே வாரத்தில் 25, 19, மறுபடி 25. ஐந்தாண்டுத் திட்டம் போடுபவர் எதை நம்புவது?

அமெரிக்காவிலும் அதே 2021-இல் இதே கதை. ஜோ பைடன் 21-ஐ 28 ஆக்கப் பார்த்தார். பெரு நிறுவனத் தலைவர்களின் அமைப்பான பிசினஸ் ரவுண்ட்டேபிள், தன் உறுப்பினர்களில் 98 சதவீதம் பேர் போட்டித்திறன் பாதிக்கும் என்கிறார்கள் என்று கருத்துக்கணிப்பு வெளியிட்டது. பாதிக்கப்படுபவரிடமே கேட்ட கணிப்பு, 98 வராமல் இருந்தால்தான் செய்தி. அமேசானின் ஜெஃப் பெசோஸோ ஏற்றத்தை ஆதரித்தார். கடைசியில் 21 அப்படியே நின்றது. 2022 ஆகஸ்டில், கணக்குப் புத்தக லாபம் 100 கோடி டாலரைத் தாண்டும் நிறுவனங்களுக்கு 15 சதவீதக் குறைந்தபட்ச வரி வந்தது. உற்பத்தியாளர்கள் அதில் போராடி வாங்கியது விரைவுத் தேய்மானத்துக்கான விலக்கு. எங்கே வலிக்கிறது என்று அவர்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதிலேயே தெரிகிறது. பிரிட்டனில் வங்கிகளும் அப்படித்தான்: 25-உடன் வங்கிகளுக்கான 8 சதவீதக் கூடுதல் வரி சேர்ந்தால் 33 ஆகும் என்றார்கள், கூடுதல் வரி 3 ஆனது, மொத்தம் 28-இல் நின்றது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள், ஆனாலும் சொல்கிறேன். கடைக்காரரை உண்மையில் நசுக்குவது இந்த வரியே அல்ல, கடைக் கட்டடத்தின் ஆண்டு வாடகை மதிப்பை வைத்துப் போடும் பிசினஸ் ரேட்ஸ். 2021-22-இல் இங்கிலாந்தில் மதிப்பீடு 30,000 பவுண்டு உள்ள கடைக்கு, பவுண்டுக்கு 49.9 பென்ஸ் வீதம், விலக்குகளுக்கு முன் 14,970. லாபமோ நஷ்டமோ கவலையில்லை, கட்டியே ஆக வேண்டும். கொரோனாவுக்காகச் சில்லறைக் கடைகளுக்குக் கொடுத்த முழு விலக்கு 2021 ஜூன் முடிந்ததும் 66 சதவீதமாகக் குறைந்தது. "மீண்டு வரும்போது வரி" என்ற முறையீடு முழுக்கப் பொருந்துவது இதற்குத்தான். 25 சதவீதத்துக்குக் கிடைத்த தலைப்புச் செய்தியில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

மேலே போட்ட புதிய டிவிடெண்ட், போனஸ் கணக்குகள் 2023-24 விகிதங்களில். முதலாளியின் தேசியக் காப்பீடு 2025 ஏப்ரலிலிருந்து 15 சதவீதம், அதனால் 50.97 இப்போது சுமார் 50.43. உங்கள் லாபம் 50,000-க்குள் என்றால் இந்த ஒப்பீடு பொருந்தாது, அங்கே 19 சதவீதத்தில் டிவிடெண்டே மேல்.