பேப்பர் கப்பில் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கினால் எரியாது என்கிறார்கள். எங்கள் கப் மட்டும் ஏன் கருகுகிறது?

காரைக்குடியில் பள்ளிக் கண்காட்சிக்காக டீ கப்பில் தண்ணீர் ஊற்றி மெழுகுவர்த்தி மேல் பிடித்ததாகக் கேட்டிருக்கிறீர்கள். கோளாறு கப்பின் அமைப்பில்தான். கவிழ்த்துப் பாருங்கள்: அடித்தட்டு சற்று உள்ளே தள்ளி இருக்கும், சுற்றிலும் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விளிம்பைத் தண்ணீர் தொடுவதே இல்லை. அதனால் அதுதான் முதலில் கருகும்.

காகிதம் பற்றிக்கொள்ளச் சுமார் 230 டிகிரி செல்சியஸ் வேண்டும். திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 100-ஐத் தாண்டாது. தாள் மெல்லியதாக இருந்தால் சுடரின் சூடு அதில் தேங்காமல் தண்ணீருக்குள் இறங்கிவிடும். தண்ணீரும் லேசில் சூடேறாது: ஒரு கிராம் 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு வர 70 கலோரி, அதே கிராம் ஆவியாக இன்னும் 540 கலோரி. எனவே கொதித்த பிறகும் பயமில்லை, வற்றினால்தான் ஆபத்து.

செட்டிநாட்டுச் சமையற்கட்டில் புழங்கியவர்களுக்கு இது புதிதல்ல. ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் ஏற்றக் கூடாது என்பார்களே, காரணம் இதேதான். பூச்சில் இருப்பது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே உலைநீர் இருக்கும்வரை பூச்சு அசையாது. வற்றவிட்டால் உருகித் திரண்டுவிடும். காகிதத்துக்கும் கிட்டத்தட்ட அதே எல்லைதான்.

கப்பை விட்டுவிட்டு, சாதாரண ஏ4 தாளில் பெட்டி மடியுங்கள். 13 செ.மீ. சதுரம் வெட்டி, நாலு பக்கமும் 4 செ.மீ. உள்ளே மடித்து நிமிர்த்துங்கள். மூலைகளை வெட்ட வேண்டாம், ஒழுகும். மடிப்பைப் பக்கச் சுவரோடு ஒட்டினாற்போல் அழுத்தி, மேல் விளிம்பில் ஸ்டேப்ளர் பின் அடியுங்கள். பின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போனால் அந்தத் துளையில் கசியும். 50 மில்லி ஊற்றினால் 2 செ.மீ. ஆழம் நிற்கும். இரண்டு செங்கல்லுக்கு நடுவே இரண்டு சைக்கிள் சக்கரக் கம்பிகளைக் குறுக்கே போட்டு, அதன்மேல் பெட்டியை வையுங்கள். சுடரின் நுனி அடியின் நடுவில் மட்டும் பட வேண்டும். கொதிக்கப் பத்து நிமிடத்துக்கு மேலும் ஆகலாம், பொறுமை வேண்டும்.

முற்றத்தை ஒட்டி வளவில், அதாவது தாழ்வாரத்தில், வைத்துச் செய்யாதீர்கள். காற்றில் சுடர் சாய்ந்து, தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும் உலர்ந்த தாளைத் தொட்டால் உடனே பற்றும். கேஸ் அடுப்பும் வேண்டாம், அதன் தீ பக்கவாட்டில் ஏறும். கனமான அட்டையும் உதவாது. சூடு தண்ணீரை எட்டுவதற்குள் வெளிப்பக்கம் கரிந்துவிடும். கப்பிலேயே கொதிக்க வைத்துப் பார்த்திருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பூச்சு அந்தச் சூட்டில் இளகும்.

பெட்டியின் அடி கறுத்தால் பதறாதீர்கள். அணைத்து, ஆறவிட்டு, நீரைக் கொட்டிய பிறகு பஞ்சால் மெல்லத் துடையுங்கள். மெழுகின் கரிப்புகை என்றால் பஞ்சோடு வந்துவிடும், கீழே தாள் வெள்ளையாகவே இருக்கும்.