பூட்லோடரைத் திறக்கும் முன் திரும்பும் வழி: கைபேசி ஃபர்ம்வேர் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் சாம்சங் கேலக்ஸி எஸ்7 இருக்கிறது. ஆண்ட்ராய்டு 8-க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பு எதுவும் வரவில்லை. டிடபிள்யூஆர்பி என்ற ரெக்கவரியைப் போட்டுவிட்டால் லீனியேஜ் ஓஎஸ் போன்ற மாற்று ஆண்ட்ராய்டு இயங்குதளங்களை ஏற்றிக்கொள்ளலாம், பத்து நிமிட வேலைதான் என்கிறான் அக்காள் மகன். அது என்ன, எப்படிச் செய்வது, அதனால் எதையாவது இழப்பேனா? – ஈரோடு வாசகர்

பதில்: ஏற்றும் வேலை பத்து நிமிடம்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆயத்தங்களுக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ரெக்கவரி என்பது ஆண்ட்ராய்டு இயங்காத நிலையிலும் தானாக இயங்கக்கூடிய, நினைவகத்தின் தனிப் பகிர்வில் (பார்ட்டிஷன்) இருக்கும் ஒரு சிறு இயங்குதளம். நிறுவனம் தரும் ரெக்கவரி, அந்த நிறுவனத்தின் மின்கையொப்பம் உள்ள கோப்புகளை மட்டுமே ஏற்றுக்கொள்ளும். டிடபிள்யூஆர்பி அந்தக் கையொப்பத்தை வற்புறுத்தாது என்பதோடு, பகிர்வுகளை அப்படியே நகலெடுக்கவும் திரும்பப் பதியவும் வழி தருகிறது. அதன் முழுப்பெயர் டீம் வின் ரெக்கவரி பிராஜெக்ட், 2011-இல் தொடங்கியது. ஒலியளவுப் பொத்தான்களை அழுத்தி மேலும் கீழும் நகர வேண்டியிருந்த கிளாக்வொர்க்மாட் ரெக்கவரிக்குப் பழகியிருந்தவர்களுக்கு, விரலால் தொட்டு இயக்கும் இந்தத் திரை அன்று பெரிய வசதியாக இருந்தது.

முதல் வேலை, அமைப்புகளில் உங்கள் போனின் மாடல் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்வது. எஸ்7 என்ற ஒரே பெயரில் எக்ஸினோஸ் சிப் உள்ளவையும் ஸ்னாப்டிராகன் சிப் உள்ளவையும் விற்கப்பட்டன. ஒன்றின் கோப்பு மற்றொன்றுக்கு ஆகாது. இந்தியாவில் விற்றது எக்ஸினோஸ் வகை. அடுத்து, அந்த மாடலுக்கான அதிகாரபூர்வ ஃபர்ம்வேரை, அதாவது நிறுவனம் தரும் மூல மென்பொருள் தொகுப்பை, முழுமையாகப் பதிவிறக்கி, கணினியில் விரித்துப் பார்த்து, கோப்பு பழுதில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். போன் லோகோவில் நின்றுவிட்ட பிறகு இந்தக் கோப்பைத் தேடி அலைகிறவர்கள்தான் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலோர்.

பிறகு பில்ட் எண்ணை ஏழு முறை தொட்டு டெவலப்பர் தேர்வுகளை வரவழைத்து, அதில் ஓஇஎம் அன்லாக் என்பதை இயக்குங்கள். ஒலியளவைக் குறைக்கும் பொத்தான், ஹோம், பவர் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டவுன்லோட் மோடுக்கான எச்சரிக்கைத் திரை வரும். ஒலியளவைக் கூட்டும் பொத்தானை அழுத்தி உள்ளே செல்லலாம். கணினியில் சாம்சங் யூஎஸ்பி டிரைவர் இருக்க வேண்டும். ஸ்மார்ட் ஸ்விட்ச் திறந்திருந்தால் மூடிவிடுங்கள். சாம்சங் போன்களில் ஃபர்ம்வேரை எழுதும் ஓடின் நிரலைத் திறந்து கேபிளைச் செருகியதும் இடப்பக்க மேல் பெட்டி நீலமாகி, அதில் காம் என்ற சொல்லும் ஓர் எண்ணும் தோன்றினால் இணைப்பு சரி. டிடபிள்யூஆர்பியின் டார் கோப்பை ஏபி என்ற இடத்தில் வையுங்கள். தொடக்கப் பொத்தானை அழுத்துவதற்கு முன், தேர்வுகளில் ஆட்டோ ரீபூட் என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிடுங்கள்.

இந்தக் குறியை எடுக்க மறப்பதால்தான் பலர், ‘பாஸ் என்று பச்சையில் வந்தது, ஆனால் ரெக்கவரி வரவில்லை’ என்று எழுதுகிறார்கள். போன் ஒரு முறை ஆண்ட்ராய்டுக்குள் சென்றுவிட்டால், சிஸ்டம் பகிர்வில் உள்ள ஒரு சிறு நிரல் நிறுவனத்தின் ரெக்கவரியை மறுபடியும் எழுதிவிடும். எனவே பதிவு முடிந்ததும் ஒலியளவைக் குறைக்கும் பொத்தானையும் பவரையும் அழுத்திப் பிடியுங்கள். திரை கறுத்த அந்தக் கணத்திலேயே விரலை ஒலியளவைக் கூட்டும் பொத்தானுக்கு மாற்றி, ஹோம், பவர் ஆகியவற்றோடு சேர்த்துப் பிடித்தால் நேராக டிடபிள்யூஆர்பிக்குள் நுழையலாம். விரல் மாற்றுவதில் ஒரு நொடி தாமதித்தாலும் ஆண்ட்ராய்டு தொடங்கிவிடும். அப்படியானால் ஓடினிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.

உள்ளே சென்றதும் சிஸ்டம் பகிர்வில் எழுத அனுமதிக்கவா என்று கேட்கும். அனுமதித்த பிறகு, சரிபார்ப்பை நீக்கும் கோப்பு எதையும் நிறுவாமல் பழைய ஆண்ட்ராய்டைத் தொடங்க முயன்றால், போன் அதை ஏற்காமல் நின்றுவிடக்கூடும். நீங்கள் வேறு இயங்குதளத்தை ஏற்றப்போவதால் அது பெரிய இடைஞ்சல் இல்லை. சாம்சங் மறையாக்கம் செய்த டேட்டா பகிர்வை இந்த ரெக்கவரியால் திறக்க முடியாது. ஃபார்மட் டேட்டாவைத் தேர்ந்து, யெஸ் என்று தட்டச்சு செய்துதான் மேலே செல்ல வேண்டும். அத்துடன் உள் நினைவகத்தில் உள்ள படங்கள் அனைத்தும் போய்விடும். இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: டிடபிள்யூஆர்பியில் டேட்டாவை நகலெடுத்தாலும், உள் நினைவகத்தில் உள்ள படங்களும் காணொளிகளும் அந்த நகலில் சேர்வதில்லை. அவற்றை முன்னதாகவே கணினிக்கு மாற்றிவிடுங்கள். லீனியேஜை ஏற்றுவதற்கு முன் ஈஎஃப்எஸ் (போனின் அடையாள எண் சார்ந்த பகிர்வு), பூட், சிஸ்டம் மூன்றையும் மைக்ரோ எஸ்டி அட்டையில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரமாக இழப்பது ஒன்று உண்டு. சாம்சங்கின் கையொப்பம் இல்லாத கோப்பை முதன்முறை ஏற்றும்போதே, நாக்ஸ் என்ற அதன் பாதுகாப்பு அமைப்புக்காகச் சிப்புக்குள் வைத்திருக்கும் மின் உருகி எரிந்துவிடும். அதன் பிறகு செக்யூர் ஃபோல்டரும் சாம்சங் பேயும் அந்தப் போனில் இயங்கா. மூல ஃபர்ம்வேருக்குத் திரும்பினாலும் அந்த உருகி மீளாது.

கேள்வி: எனது கேலக்ஸி போனில் டிடபிள்யூஆர்பி நன்றாக இயங்கிக்கொண்டிருந்தது. டெவலப்பர் தேர்வுகள் எதற்கு என்று அவற்றை அணைத்துவிட்டு மறுதொடக்கம் செய்தேன். எஃப்ஆர்பி பூட்டால் தடுக்கப்பட்டது என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து போன் அணைந்துவிடுகிறது. ஓடினில் பழைய ஃபர்ம்வேரைப் போட்டுப் பார்த்தால் அதுவும் தோல்வி அடைகிறது. – காரைக்குடி வாசகர்

பதில்: எஃப்ஆர்பி என்பது, தரவை அழித்த பிறகும் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும் திருட்டுத் தடுப்புப் பூட்டு. அந்தத் தேர்வுகளோடு ஓஇஎம் அன்லாக்கும் சேர்ந்து அணைந்துவிட்டது. கூகுள் கணக்கு பதிந்திருக்கும் போனில் அது அணைந்தால், கையொப்பமில்லாத ரெக்கவரியைப் பூட்லோடர் (போனை இயக்கியதும் முதலில் ஓடி மற்றவற்றைத் தொடங்கும் நிரல்) தொடங்க விடாது. டவுன்லோட் மோடுக்குச் செல்ல முடிகிறது என்பதால் போன் இறந்துவிடவில்லை. முழு ஃபர்ம்வேரை ஏற்றினால் எழுந்துவிடும். ஆனால் முன்பு போட்டிருந்த கூகுள் கணக்கும் கடவுச்சொல்லும் நினைவில் இருக்க வேண்டும், ஏனெனில் தரவு அழிந்தபின் போன் அவற்றைத்தான் கேட்கும்.

ஓடின் தோற்றதற்குக் காரணம் பெரும்பாலும் போன் திரையின் மேல்மூலையிலேயே பொடி எழுத்தில் இருக்கும். டிவைஸ் 8, பைனரி 2 என்பதுபோல இரண்டு எண்கள் அங்கே தெரிகின்றனவா என்று பாருங்கள். முன்னது உங்கள் போனில் உள்ள பூட்லோடரின் திருத்த எண். பின்னது நீங்கள் ஏற்ற முயன்ற கோப்பின் எண். பின்னது சிறியதாக இருந்தால் போன் ஏற்காது, எத்தனை முறை கேபிளை மாற்றினாலும் பயனில்லை. பதிவிறக்கும் முன்பே இதைக் கண்டுகொள்ளலாம்: சாம்சங் ஃபர்ம்வேரின் பில்ட் பெயரில் கடைசியிலிருந்து ஐந்தாவதாக நிற்பதுதான் இந்த எண். ஒன்பதைத் தாண்டினால் அந்த இடத்தில் ஆங்கில எழுத்து வரும்.

சரியான கோப்பை விரித்தால் பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி, ஹோம் சிஎஸ்சி என ஐந்து கிடைக்கும். முதல் மூன்றையும் அவற்றுக்குரிய இடங்களில் வையுங்கள். ஏபி மிகப் பெரியது என்பதால் அதைச் சேர்க்கும்போது ஓடின் உறைந்துபோனது போலத் தோன்றும், பொறுத்திருங்கள், மூடிவிடாதீர்கள். நான்காவது இடத்தில் சிஎஸ்சியை வைத்தால் தரவு முழுவதும் அழியும். ஹோம் சிஎஸ்சியை வைத்தால் தரவைத் தொடாது. உள்ளே இருப்பதைக் காப்பாற்றும் ஆசை இருந்தால் முதலில் ஹோம் சிஎஸ்சியோடு முயலுங்கள். அதன் பின்னும் லோகோவிலேயே நின்றால் சிஎஸ்சியைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: ரெட்மி நோட் 5 ப்ரோவில் வேறு இயங்குதளம் போட்டிருக்கிறேன். ஒருவருக்கு விற்கப் போவதால் ஷாவ்மியின் மீஐயூஐ இயங்குதளத்துக்குத் திருப்பி, பூட்லோடரையும் பூட்டிக் கொடுக்க விரும்புகிறேன். கவனிக்க வேண்டியது என்ன? – மதுரை வாசகர்

பதில்: இந்த மாடலில் அவசரம் கூடாது. 2018-இல் ஷாவ்மி இதற்கு முந்தைய பதிப்புக்குத் திரும்ப விடாத தடுப்பைக் கொண்டுவந்தது. போனை ஃபாஸ்ட்பூட் நிலையில் (கணினியின் கட்டளைகளைப் பூட்லோடர் ஏற்கும் நிலை) கணினியோடு இணைத்து, ஃபாஸ்ட்பூட் கெட்வார் ஆன்டி என்ற கட்டளையைக் கொடுத்தால் ஓர் எண் வரும். அது 4 என்றால், அதைவிடக் குறைந்த எண் கொண்ட பழைய ஃபர்ம்வேரை ஏற்றவே கூடாது. ஷாவ்மியின் தொகுப்பில் உள்ள ஃப்ளாஷ் ஆல் நிரல் இந்த எண்ணைத் தானே ஒப்பிட்டு நிறுத்திக்கொள்ளும். அந்தச் சோதனையைச் சுற்றிக்கொண்டு, டிடபிள்யூஆர்பி வழியாகவோ கைக்கட்டளைகளாலோ பழையதைத் திணித்தவர்களின் போன்கள்தான் கறுத்துப் போயின. அந்த நிலையில் பின்மூடியைக் கழற்றிப் பலகையில் உள்ள டெஸ்ட் பாயின்ட்டுகளைத் தொட்டு இடிஎல் என்ற சிப்பின் அவசரப் பதிவிறக்க நிலைக்குக் கொண்டுபோனாலும், அனுமதி பெற்ற ஷாவ்மி கணக்கு இல்லாமல் ஃபர்ம்வேர் ஏறாது.

எனவே இந்த மாடலுக்கு வந்த கடைசி ஃபாஸ்ட்பூட் தொகுப்பையே எடுங்கள். ஜிப் வடிவில் வருவது ரெக்கவரி வழியாக ஏற்றுவது. உங்களுக்கு வேண்டியது டிஜிஇஸட் முடிவுள்ள கோப்பு. அதைப் பெயரில் இடைவெளி இல்லாத குறும்பெயர் அடைவில் விரியுங்கள். பெயரில் இடைவெளி இருந்தால், ஃபர்ம்வேரை ஏற்றும் ஷாவ்மியின் கணினி நிரலான மீ ஃப்ளாஷ் தடுமாறும்.

மீ ஃப்ளாஷின் அடிவரிசையில் மூன்று தேர்வுகள் உள்ளன: அனைத்தையும் அழி, பயனர் தரவை வைத்துக்கொள், அனைத்தையும் அழித்துப் பூட்டு. பல பதிப்புகளில் இந்த மூன்றாவது முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். சீனச் சந்தைக்கான போனில் யாரோ குளோபல் பதிப்பை ஏற்றி விற்றிருந்தால், பூட்டிய மறுகணமே இந்தப் பதிப்பை இந்தச் சாதனத்தில் நிறுவ இயலாது என்ற திரையில் அது நின்றுவிடும். ஆகவே முதலில் பூட்டாமல் ஏற்றுங்கள். போன் இயங்கி, சிம், கேமரா, கைரேகை எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்து, இந்தியாவில் விற்கப்பட்ட போன்தான் என்பதைப் பெட்டியில் உள்ள விவரத்தோடு ஒப்பிட்ட பிறகு, மூன்றாவது தேர்வோடு மறுமுறை ஏற்றுங்கள். விற்பதற்கு முன் உங்கள் மீ கணக்கிலிருந்து வெளியேற மறக்காதீர்கள். மறந்தால் வாங்கியவர் உங்களைத் தேடி வருவார்.

கேள்வி: கடையில் சாஃப்ட்வேர் போட்டுத் தந்தார்கள். அதிலிருந்து சிக்னலே இல்லை. *#06# அழுத்தினால் ஐஎம்இஐ என்ற அடையாள எண் பூஜ்யமாக வருகிறது. எழுதித் தர இன்னொரு கடையில் பணம் கேட்கிறார்கள். – திருச்சி வாசகி

பதில்: கொடுக்காதீர்கள். போனைப் பற்றி என்ற பகுதியில் பேஸ்பேண்ட் (மோடம் மென்பொருள்) பதிப்பு தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். அதுவும் தெரியவில்லை என்றால் மோடம் ஃபர்ம்வேர் பொருந்தாமல் இருக்கலாம். சரியான மாடலின் முழு ஃபர்ம்வேரை ஏற்றினாலே பல சமயம் சரியாகிவிடும். பேஸ்பேண்ட் தெரிந்து ஐஎம்இஐ மட்டும் இல்லையென்றால், ஈஎஃப்எஸ் போன்ற பகிர்வு அழிந்திருக்கிறது என்று கொள்ளலாம். அந்தப் பகிர்வு ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியானது. ஃபர்ம்வேர் கோப்பில் அது இருக்காது. உங்கள் போனிலேயே முன்பு எடுத்த நகல் இருந்தால் மீட்கலாம். இன்னொரு போனின் நகலைப் போடுவது, அந்தப் போனின் எண்ணை உங்கள் போனில் ஒட்டுவதாகும். ஐஎம்இஐ எண்ணை வேண்டுமென்றே மாற்றுவதை மத்திய அரசு விதிகள் தடை செய்கின்றன. ரசீதையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் சேவை மையத்துக்குச் செல்லுங்கள்.

கேள்வி: மூல ஃபர்ம்வேருக்குத் திரும்பிவிட்டால் வங்கிச் செயலிகள் இயங்குமா? – கோவை வாசகர்

பதில்: பெரும்பாலும் இயங்கும். அவற்றில் பல கேட்பது, போனின் மென்பொருள் நம்பத்தக்கதா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையின் முடிவை. அதிகாரபூர்வ ஃபர்ம்வேரும் பூட்டிய பூட்லோடரும் இருந்தால் அது தேறிவிடும். பூட்லோடர் திறந்திருக்கும்வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. மாதச் சம்பளம் வரும் கணக்கின் செயலியை இத்தகைய சோதனைப் போனில் வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: பிக்சல் 6ஏ போனில் ஃபாஸ்ட்பூட் வழியாக ரெக்கவரியை எழுதப் பார்த்தால், அப்படி ஒரு பகிர்வே இல்லை என்கிறது. – சென்னை வாசகர்

பதில்: இருக்காது. 2016-இல் வந்த முதல் பிக்சலிலிருந்தே கூகுள் ஏ, பி என்ற இரட்டைத் தொகுதி முறைக்கு (முக்கியப் பகிர்வுகள் இரண்டிரண்டாக இருக்கும் முறை) மாறிவிட்டது. தனி ரெக்கவரிப் பகிர்வு போய், அது பூட் பகிர்விலும் பிந்தைய மாடல்களில் வென்டார் பூட் பகிர்விலும் அடங்கிவிட்டது. பழைய காணொளிகளில் உள்ள கட்டளைகள் உங்கள் போனுக்குப் பொருந்தா.

மூல ஃபர்ம்வேருக்குத் திரும்புவது பிக்சலில் எளிது: பூட்லோடர் திறந்திருந்தால், குரோம் உலாவியிலேயே இயங்கும் கூகுளின் ஆண்ட்ராய்டு ஃப்ளாஷ் டூல் வழியாகச் செய்துவிடலாம். பிக்சல் 6, 6 ப்ரோ, 6ஏ மூன்றுக்கும் 2022 ஆகஸ்டில் வந்த ஆண்ட்ராய்டு 13, பூட்லோடர் ஆண்ட்ராய்டு 12-க்குத் திரும்புவதை அடைத்துவிட்டது. போனின் ஒரு தொகுதி மட்டும் 13-க்கு மாறி, மற்றதில் பழைய பூட்லோடர் கிடந்தால், ஏதோ ஒரு சோதனையில் போன் அந்தத் தொகுதிக்குத் தாவும்போது எழுந்திருக்காமல் போகலாம். ஆகவே எதையும் தொடும் முன் 13 அல்லது அதற்குப் பிந்தைய முழு ஓடிஏ கோப்பை (கூகுள் வெளியிடும் முழுப் புதுப்பிப்பு) ஏடிபி சைட்லோட் என்ற கணினிக் கட்டளை வழியாக ஏற்றி, போன் ஒரு முறை முழுமையாக இயங்கிய பிறகு, அதே கோப்பை இரண்டாம் முறையும் ஏற்றி இரு தொகுதிகளையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.