நீட்டை விட்டு மீன்வளம் படிக்கட்டும்

அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் இரண்டு முறை நீட் எழுதி, தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியும் அரசு இடம் கிடைக்கவில்லை. சொந்தக்காரர்கள் வாயில் அவள் ‘பெயில்’. இன்னொரு வருடம் கோச்சிங், இல்லாவிட்டால் வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டில் எம்பிபிஎஸ் என்கிறாராம் பெரியப்பா.

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அவள் பெயிலாகவில்லை. ஆண்டுக்கு 10 லட்சம் பேருக்கு மேல் தகுதி பெறுகிறார்கள். எம்பிபிஎஸ் இடங்களோ 1 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மூன்றாம் முறைக்கு அவளாகக் கேட்காதவரை அனுப்பாதீர்கள். வெளிநாடு என்றால் 54 மாதப் படிப்பு, அங்கே ஓராண்டுப் பயிற்சி, திரும்பியதும், வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே மருத்துவம் பார்க்க எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வு, அப்புறம் இங்கேயும் பயிற்சி. அந்தத் தேர்வில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தேறுவதில்லை. வட்டி மட்டும் மாதம் தவறாமல் ஏறும்.

மொட்டை மாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறாள், நோய் வந்தால் ராத்திரியெல்லாம் கூடவே இருக்கிறாள் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை ஏன் யாருமே பேசவில்லை?

மீன்வள அறிவியலில் பி.எஃப்.எஸ்சி. என்று ஒரு நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. 1977-இல் தொடங்கிய தூத்துக்குடிக் கல்லூரியும் பொன்னேரிக் கல்லூரியும் அதன் கீழ்தான். நீட் தேவையில்லை, பிளஸ் டூ உயிரியல், வேதியியல், இயற்பியல் மதிப்பெண் போதும். குளம் வெட்டி மீன் வளர்ப்பது, குஞ்சுப் பொரிப்பகம், மீன் நோய், தீவனம், பதப்படுத்துதல் எல்லாம் பாடம். கடைசி ஆண்டில் மீனவ கிராமங்களிலும் ஆலைகளிலும் நேரடிப் பயிற்சி.

ஏற்றுமதி இறாலில் ஆன்டிபயாட்டிக் மிச்சம் இருந்தால் ஐரோப்பாவில் சரக்கையே நிறுத்திவிடுவார்கள். அதனால் ஆய்வகத்தில் சோதிக்க ஆள் வேண்டும். இறால் பண்ணை, தீவன ஆலை, மாநில மீன்வளத்துறையின் ஆய்வாளர் பணி என்று வேறு வழிகளும் உண்டு. மேலே படிக்க நினைத்தால் மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. வேலைக்காகக் கடலோரமோ ஆந்திராவோ போக வேண்டிவரும், அதை அவளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒருநாள் தூத்துக்குடிக் கல்லூரிக்கு அழைத்துப் போங்கள். அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் அவளே பேசட்டும். பெரியப்பா வர வேண்டியதில்லை. வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.